அம்மா சொன்ன அதே அளவு, அதே பருப்பு... அந்த ருசி மட்டும் வரல, ஏன்?

மொட்டைமாடி | ஞாயிறு இரவு 9:42

இத எங்க போய் கேக்கறதுன்னு தெரியல, அதனால இங்கயே கேட்டுடறேன், யாரும் சிரிக்கக்கூடாது. சமையல்லயே ஈஸியான வேல பருப்ப வேகவச்சு மசிச்சு தாளிக்கறதுதான்னு நெனச்சுட்டு இருந்தேன். பருப்பு, தண்ணி, மஞ்சள், ரெண்டு பல் பூண்டு, உப்பு, கடைசியா ஒரு தாளிப்பு, இதுக்கு மேல அதுல ஒண்ணும் கெடையாது. சின்ன வயசுல மழையில நனைஞ்சு ஸ்கூல்லேந்து வந்தா அம்மா ஒரு துண்ட தூக்கி தலையில போடுவாங்க, நான் துவட்டி முடிக்கறதுக்குள்ள சோத்துல இந்த பருப்ப ஊத்தி பெசஞ்சு தட்ட நீட்டுவாங்க, அந்த ஆவி மூஞ்சியில அடிக்கும் பாருங்க, அதுக்காகவே குடை இருந்தும் நனைஞ்சுட்டு போயிருக்கேன்.

இப்ப வாரத்துல பாதி நாள் சமையல் என் பொறுப்பு. அம்மா வேற ஊர்ல இருக்காங்க. போன மாசம் அவங்களுக்கு ஒரு கிச்சன் தராசு வாங்கி அனுப்பி, வீடியோ கால்ல அவங்க கைப்பிடிய அளக்க வச்சேன். நாலு தடவ அள்ளி போட சொன்னேன். 58, 60, 59, 60 கிராம். மிஷின் தோத்துடும். தண்ணி எவ்ளோ, எத்தன நிமிஷம், பூண்ட எப்ப போடணும் எல்லாம் எழுதிக்கிட்டேன். உப்பு மட்டும் "பாத்து போடுப்பா"ன்னாங்க.

பதினோரு தடவ செஞ்சாச்சு. வீட்ல எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சாப்பிடறாங்க, கொறை ஒண்ணும் இல்ல. ஆனா அது இல்ல. எதுவோ ஒண்ணு கொறையுது, என்னன்னு சொல்லவும் தெரியல. யாருக்காச்சும் இந்த மாதிரி ஆயிருக்கா?

ஓட்டைக்கரண்டி | ஞாயிறு இரவு 9:58

பாஸ், "பாத்து போடு"தான் மொத்த ரெசிபியே, மத்ததெல்லாம் தராசுக்கு வேல குடுத்தது.

எங்க பாட்டிகிட்ட ஒரு தடவ மாவுக்கு எவ்ளோ தண்ணின்னு கேட்டேன், "அது கேக்கற வரைக்கும்"னாங்க. மாவு எப்ப பாட்டி கேட்டுச்சுன்னேன். ஒரு பார்வ பாத்தாங்க, அதோட சமையல் கத்துக்கறத விட்டுட்டேன்.

பழையபாத்திரம் | ஞாயிறு இரவு 10:20

தம்பி, நான் முப்பத்தாறு வருஷமா அடுப்படியில நிக்கறவ, அந்த உரிமையில கேக்கறேன். தண்ணி எந்த தண்ணி? பருப்பு வாங்கி எத்தன நாள் ஆச்சு? தக்காளி கிக்காளி போடறியா, போட்டா எப்ப? அம்மா எதுல வேகவைக்கறாங்க, நீ எதுல? அளவ எல்லாரும் கேப்பாங்க, இத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

நாங்க வீடு மாறின புதுசுல எனக்கு பருப்பு வேகவே இல்ல, ஒரு மாசம் அழுதிருக்கேன். மாமியார் ஒண்ணும் சொல்லல, ஆனா தட்டுல ஒவ்வொரு பருப்பா ஓரமா ஒதுக்கி வச்சிருப்பாங்க, அதுக்கு திட்டியிருக்கலாம். அப்புறம் பக்கத்து வீட்டுல ஒரு அம்மா சொன்னாங்க, இது போர் தண்ணி, மழத்தண்ணி புடிச்சு வச்சு பருப்புக்கு மட்டும் அத ஊத்துன்னு. அன்னிக்கு பருப்பு வெண்ணெய் மாதிரி வெந்துச்சு. அன்னிலேந்து மழ வந்தா எனக்கு முதல்ல அண்டா ஞாபகம்தான் வரும்.

உப்புக்கல் | திங்கள் காலை 6:35

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி, நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்ங்கறதால காரணத்த மட்டும் சேத்துடறேன், போர் அடிச்சா தாண்டி போயிடுங்க. கடின தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்போட செல் சுவர்ல பெக்டின்னு ஒரு பசை இருக்கு, அது கரைஞ்சாத்தான் பருப்பு கொழையும். கால்சியம் போய் அந்த பசைய இறுக்கி புடிச்சுக்குது, நீங்க எவ்ளோ நேரம் வேகவச்சாலும் உள்ள ஒரு கல் மாதிரி நிக்கும். புளிப்பும் அதே வேலதான் செய்யும், அதான் தக்காளி, புளி எல்லாம் பருப்பு வெந்ததுக்கு அப்புறம் போடணும்னு பெரியவங்க சொல்றது. சூடும் ஈரமும் இருக்கற எடத்துல மாசக்கணக்கா கெடந்த பருப்பும் சீக்கிரம் வேகாது.

மலைமேல்வீடு | திங்கள் காலை 7:10

இதுல இன்னொண்ணு சேத்துக்கோங்க, எங்க இருக்கீங்கங்கறதும் கணக்கு. நான் இருக்கறது கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரத்துல, இங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுடும். சுமாரா 300 மீட்டர் ஏறினா ஒரு டிகிரி கொறையும்னு கணக்கு. தளதளன்னு கொதிக்குது, பருப்பு மட்டும் அப்படியே முழிச்சுட்டு கெடக்குது. வந்த புதுசுல பாத்திரத்துல வச்சு ரெண்டு மணி நேரம் காத்திருந்து கடைசில பச்சத்தண்ணியும் பருப்புமா குடிச்சிருக்கேன். குக்கர் இல்லன்னா இங்க குடும்பமே நடத்த முடியாது. டீ கூட கீழ போட்ட மாதிரி எறங்காது, கொஞ்சம் தூள் கூட போடணும்.

ஓட்டைக்கரண்டி | திங்கள் காலை 7:31

ஒரு மனுஷன் அம்மா ஞாபகம் வந்து அழறான், இங்க பிசிக்ஸ் கிளாஸ் ஓடுது 😄

மொட்டைமாடி | புதன் இரவு 8:50

ஓட்டை, ஓடட்டும் விடுங்க, எனக்கு பிரயோஜனமா இருக்கு.

அக்கா, நான் தக்காளியே போடல. ஆனா தண்ணி போர் தண்ணிதான், இத எப்படி யோசிக்காம விட்டேன்னு தெரியல, குளிச்சா சோப்பே நுரைக்காது. நேத்து குடிக்கற ஆர்.ஓ. தண்ணியில வச்சேன், பருப்பும் புதுசா வாங்கினேன். கொழைஞ்சு போச்சு, மத்தே தேவையில்ல, கரண்டியால ரெண்டு சுத்து சுத்தினதும் அம்மா வச்ச மாதிரியே மஞ்சளா பளபளன்னு வந்துச்சு. பாக்க அதேதான். வாயில வச்சா, 70 பர்சென்ட். மீதி 30 எங்கயோ நிக்குது.

அன்புள்ளம் | புதன் இரவு 9:15

சகோ, அந்த மீதி 30 அம்மாவோட அன்பு. அத எந்த தராசுலயும் அளக்க முடியாது. 🙏

பழையபாத்திரம் | புதன் இரவு 9:40

அன்புள்ளம், கோவிச்சுக்காதீங்க, இத நான் சொல்லியே ஆகணும். அன்பு சுத்தமா இல்லாம எத்தனையோ நாள் சமைச்சிருக்கேன். சண்ட போட்டுட்டு சமைச்சிருக்கேன், ஜுரத்தோட சமைச்சிருக்கேன், இந்த வீட்ட விட்டு எங்கயாச்சும் ஓடிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே தாளிச்சிருக்கேன். அன்னிக்கும் தட்ட வழிச்சு சாப்ட்டுட்டு "உன் கை பக்குவமே தனி"ன்னுதான் சொன்னாங்க, ஒருத்தரும் கண்டுபுடிக்கல. அன்புன்னு சொல்லிட்டா அதுக்கு பின்னாடி இருக்கற வேலையும் கவனமும் யாருக்கும் தெரியாம போயிடுது. தம்பி கேக்கறது நியாயமான கேள்வி, பதில் அடுப்புலதான் இருக்கணும்.

அரைவேக்காடு | புதன் இரவு 9:52

அக்கா 🔥🔥 இத ஃப்ரேம் போட்டு மாட்டணும்

அன்புள்ளம் | புதன் இரவு 10:05

கோவமெல்லாம் இல்ல அக்கா. எங்கம்மாவும் அப்படி சமைச்ச நாள் இருந்திருக்கும்ல, இப்பதான் தோணுது.

அரைவேக்காடு | வியாழன் மதியம் 1:20

நான் ரூம்ல தனியா சமைக்கற ஆள், என் அனுபவத்த சொல்றேன். எனக்கு பிரச்சன தயிர்ல. அம்மா ஒரு ஸ்பூன் உறை ஊத்துன்னு சொன்னாங்க, நான் வருஷம் பூரா ஒரு ஸ்பூன் ஊத்தினேன். வெயில் காலத்துல காலையில பாத்தா தயிர் இல்ல, ஆசிட். குளிர்ல பாத்தா பால் பாலாவே இருக்கு, ஓரத்துல மட்டும் பேருக்கு ஒரு ஏடு. அப்புறம்தான் போன்ல கேட்டேன், அம்மா சொல்றாங்க "அட, வெயிலுக்கு அஞ்சு மணி நேரம், நுனி ஸ்பூன் போதும், குளிருக்கு ராத்திரி பூரா விடணும், பாத்திரத்த துண்டுல சுத்தி வை, உறையும் கூட ஊத்து, இது கூடவா சொல்லணும்"னு. ஆமாம்மா சொல்லணும்! நீங்க குடுத்தது ஒரு நாளோட அளவு, அதுல எந்த மாசம்னு எழுதவே இல்லையே!

பழையபாத்திரம் | வியாழன் மதியம் 3:05

அரைவேக்காடு, பேருக்கு ஏத்த பையன் இல்ல நீ, நல்லாவே யோசிக்கற. அதேதான் விஷயம். அரிசிய எடுத்துக்கோ, புது அரிசிக்கு தண்ணி கொறச்சு வைக்கணும், இல்லன்னா கஞ்சி. பழசுக்கு கூட வைக்கணும், குடிச்சுக்கிட்டே இருக்கும். வெங்காயம் புதுசா வந்தப்ப ஈரமா இருக்கும், வதக்கினா தண்ணி விட்டுக்கிட்டே கெடக்கும், செவக்கவே செவக்காது, அதே வெங்காயம் காஞ்சு தோல் சலசலன்னு இருக்கறப்ப பாதி நேரத்துல செவந்துடும். பூண்டு பச்ச மொள விட்டுச்சுன்னா அந்த மொளைய எடுத்துட்டு போடணும், இல்லன்னா லேசா கசக்கும். மொளகா ஒரே கடையில ஒரே பேர சொல்லி வாங்குவேன், ஒரு தடவ கண்ணுல தண்ணி, அடுத்த தடவ கலர் மட்டும்.

இத நான் யார்கிட்டயும் கத்துக்கல, யாரும் சொல்லியும் தரல. அந்த நேரத்துல கையில எடுத்து மோந்து, அழுத்தி பாத்து, கூட கொறச்சு போடறது. அத வாயால சொல்ல சொன்னா "பாத்து போடு"ன்னுதான் வருது, வேற எப்படி சொல்றது?

உப்புக்கல் | வியாழன் மாலை 5:45

மொளகா மேட்டர்ல அக்கா சொன்னதுக்கு சாட்சி சொல்றேன், ஒரே செடியில காய்ச்ச ரெண்டு மொளகாய்க்கே காரம் ஒண்ணா இருக்காது. வில்பர் ஸ்கோவில்னு ஒரு மருந்தாளர் 1912-ல காரத்த அளக்க ஒரு வழி கண்டுபுடிச்சார், எப்படி தெரியுமா, மொளகா சாற சர்க்கரத் தண்ணியில கரைச்சு கரைச்சு, குடிக்கறவங்க "இப்ப காரம் தெரியல"ன்னு சொல்ற வரைக்கும் நீர்த்துக்கிட்டே போறது. அதாவது விஞ்ஞானமே பாத்துதான் போட்டுச்சு.

ஓட்டைக்கரண்டி | வியாழன் மாலை 6:02

வாத்தியார் இப்படி பாடம் நடத்தியிருந்தா நானும் கெமிஸ்ட்ரில பாஸ் ஆயிருப்பேன்.

சிறுமழை | வியாழன் இரவு 11:30

ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2020-ல கொரோனா வந்தப்ப எனக்கு வாசன போச்சு. காய்ச்சல் நாலு நாள்ல விட்டுடுச்சு, வாசன மட்டும் போனது போனதுதான். முதல்ல பெருசா எடுத்துக்கல, சாப்பாடுதானே, வாய் இருக்கே, நாக்கு இருக்கேன்னு. சாப்பிட உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் சுரீர்னு எரியுது, இனிப்பு தெரியுது. ஆனா நான் சாப்பிடறது என்னன்னு தெரியல. கண்ண மூடிக்கிட்டா ஆப்பிளும் வெங்காயமும் ஒரே மாதிரி நறுக் நறுக்குன்னு இருந்துச்சு, நெஜமா சொல்றேன், என் பொண்ணு வெளையாட்டா ஊட்டி விட்டு சோதிச்சா. அன்னிக்கு ராத்திரி ரொம்ப அழுதேன். நாம ருசி ருசின்னு சொல்றதுல பெரும்பகுதி மூக்கோட வேல, மென்னு முழுங்கறப்ப தொண்டைக்கு பின்னாடி வழியா ஆவி மூக்குக்கு ஏறுது, அதத்தான் நாக்குன்னு நெனச்சுக்கறோம்னு அப்புறம் டாக்டர் சொன்னார்.

ஏழு மாசம். நடுவுல திரும்பி வர ஆரம்பிச்சப்ப எல்லாம் கோணலா வந்துச்சு. காபி போட்டா ரப்பர் எரியற நாத்தம், வெங்காயம் வதக்கினா வாந்தி வரும். வீட்ல எல்லாரும் எனக்காக ஜன்னல தெறந்து வச்சுட்டு சமைப்பாங்க. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்கு போனேன், மழ தூற ஆரம்பிச்சுது, சூடான தரையில நாலு சொட்டு விழுந்துச்சு, மண் வாசன. கோணல் இல்லாம, சுத்தமா, அப்படியே. துணிய போட்டுட்டு அங்கயே உக்காந்துட்டேன். துணியெல்லாம் நனைஞ்சு மறுபடி தொவைக்க வேண்டியதா போச்சு, வீட்டுக்காரர் கேட்டதுக்கு மழ வந்துச்சுன்னு மட்டும் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த ஏழு மாசத்துல மூக்க பத்தி ரொம்ப யோசிச்சேன். மொட்டைமாடி, ஒண்ணு கேக்கறேன். நீங்க சமைச்சு முடிச்ச உடனே உக்காந்து சாப்பிடறீங்களா?

உப்புக்கல் | வெள்ளி காலை 6:20

சிறுமழை, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத தோணல.

மண் வாசனைக்கு விஞ்ஞானத்துல பேர் வச்சது 1964-ல, ஆஸ்திரேலியாவுல இசபெல் ஜாய் பேர் (Bear), ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க. வச்ச பேர் பெட்ரிகோர். அதுல முக்கியமான ஒரு சரக்கு ஜியோஸ்மின், மண்ணுல இருக்கற நுண்ணுயிர்கள் உண்டாக்கறது, அத மனுஷ மூக்கு நம்ப முடியாத அளவுக்கு கொஞ்சம் இருந்தாலே கண்டுபுடிச்சுடும். பீட்ரூட்ல வர்ற மண் வாடையும் இதே பொருள்தான். உங்களுக்கு முதல்ல அது வந்து சேந்தது தற்செயலாவே இருக்கலாம், ஆனா கேக்க சந்தோஷமா இருக்கு.

நீங்க கேட்ட கேள்வி எங்க போகுதுன்னு எனக்கு புரியுது. மொட்டைமாடி பதில் சொல்லட்டும்.

மொட்டைமாடி | வெள்ளி இரவு 9:10

ஆமா, தாளிச்சு கொட்டின கையோட தட்ட எடுத்துடுவேன், சூடா சாப்பிடணும்னுதானே.

சிறுமழை | வெள்ளி இரவு 9:25

அங்கதான் இருக்கு. ஒரு வாசனையில தொடர்ந்து நின்னா கொஞ்ச நேரத்துல மூக்கு அத கண்டுக்காம விட்டுடும். செண்ட் போட்டவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரியாது, லிஃப்ட்ல கூட வர்றவங்களுக்கு தெரியும். அவங்கவங்க வீட்டுக்கு ஒரு வாசன இருக்கு, அதுவும் ஊருக்கு போய்ட்டு கதவ தெறக்கறப்ப மட்டும்தான் தெரியும். நீங்க முக்கா மணி நேரம் அந்த பருப்பு ஆவியிலயே, அந்த பூண்டு வாசனையிலயே நிக்கறீங்க. தட்டுல போட்டு வாய்கிட்ட கொண்டு போறப்ப உங்க மூக்கு அத ஏற்கனவே சாப்ட்டு முடிச்சிருக்கும். சின்ன வயசுல நீங்க மழையிலேந்து உள்ள வந்தீங்க, குளுந்த காத்துலேந்து, பசியோட. அந்த ஆவி உங்களுக்கு புதுசு.

அரைவேக்காடு | வெள்ளி இரவு 9:31

அய்யோ. அதான் மத்தவங்க போட்டு குடுக்கற டீ எப்பவும் நல்லாருக்கா?

பழையபாத்திரம் | வெள்ளி இரவு 10:15

இத படிச்சதுலேந்து மனசுக்குள்ள என்னமோ பண்ணுது. நான் எப்பவும் எல்லாரும் சாப்ட்டதுக்கு அப்புறம்தான் சாப்பிடுவேன், பசியே இருக்காது, ஊறுகாயும் மோரும் போதும்னு தோணும். தியாகம்னு பிள்ளைங்க சொல்லும், எனக்கே சிரிப்பு வரும், தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல, நெஜமாவே எறங்காது. இதனாலயா?

உப்புக்கல் | சனி காலை 6:50

இதனாலயும் இருக்கும் அக்கா. சூடு, வேர்வை, நின்னு நின்னு வர்ற அலுப்பு, உப்பு பாக்க நடுநடுவுல வாயில போடறது, எல்லாமும் சேந்துதான்.

ஆனா மொட்டைமாடிக்கு இன்னொரு பக்கமும் சொல்லணும். அம்மா சாப்பாடு மேல நமக்கு இருக்கற புடிப்பு பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. ஜூலி மென்னெல்லாவும் அவங்க கூட வேல செஞ்சவங்களும் 2001-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கர்ப்பமா இருக்கறப்பவோ பால் குடுக்கறப்பவோ கேரட் ஜூஸ் குடிச்ச அம்மாக்களோட கொழந்தைங்க, கேரட் ருசி கலந்த கூழ முதல்முதலா குடுத்தப்ப மத்த கொழந்தைங்கள விட மூஞ்ச சுளிக்காம சாப்ட்டிருக்காங்க. அம்மா சாப்பிடறதோட வாசன கொழந்தைய சுத்தியிருக்கற நீருக்குள்ளயும் போகுது, பால்லயும் போகுது. அதனால பூண்டு உங்களுக்கு அறிமுகம் ஆனது அந்த மழ நாளுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி.

ஓட்டைக்கரண்டி | சனி காலை 8:05

அப்ப எனக்கு பாகற்காய் புடிக்காததுக்கு நான் பொறுப்பு இல்ல. இந்த லிங்க்க எங்கம்மாவுக்கு அனுப்பறேன்.

மொட்டைமாடி | ஞாயிறு மாலை 4:30

செஞ்சு பாத்துட்டேன். பருப்ப தாளிச்சு மூடி வச்சுட்டு குளிச்சேன், சட்ட மாத்தினேன், தெருவ ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து கதவ தெறந்தேன். தூக்கி வாரிப் போட்டுச்சு. அம்மா வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி. சாப்ட்டேன், 90. ஏன் 90ன்னா ஆறிப் போச்சு, சூடு பண்ண அடுப்புகிட்ட போனா மறுபடி அதே கத. மனைவி சொல்றா "இதுக்கு நான் சமைக்கறேன் நீங்க வெளிய போய் நில்லுங்க, சிம்பிள்"னு. நியாயம்தான், ஆனா அவளுக்கும் அதே மூக்குதானே, இனிமே மாத்தி மாத்தி வெளிய நிக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்.

அடுத்த வாரம் அம்மா வர்றாங்க. அப்புறம் எழுதறேன்.

மலைமேல்வீடு | ஞாயிறு மாலை 5:02

வந்தா கண்டிப்பா எழுதுங்க, வீட்ல எல்லாரும் கேக்கறாங்க பருப்பு என்னாச்சுன்னு.

மொட்டைமாடி | (பன்னண்டு நாள் கழிச்சு) வெள்ளி இரவு 11:15

அம்மா வந்து ஒரு வாரம் ஆச்சு. லேட்டானதுக்கு மன்னிக்கணும், எப்படி எழுதறதுன்னு தெரியல.

வந்த அன்னிக்கு அவங்கள சமைக்க விடல. ஹால்ல உக்கார வச்சோம், எங்கம்மாவ உக்கார வைக்கறது எவ்ளோ கஷ்டம்னு சொல்லி முடியாது, மூணு தடவ எந்திரிச்சு வந்து எட்டி பாத்தாங்க, மூணு தடவயும் என் பொண்ணு கைய புடிச்சு இழுத்துட்டு போய் உக்கார வச்சா. நான் பூண்ட தட்டி நெய்யில போட்டு தாளிச்சு கொட்டினேன், சொய்ங்குன்னு சத்தம். உள்ளேந்து அம்மா குரல், "டேய், என்ன பருப்பு வாசன இப்படி தூக்குது, எதாச்சும் பொடி போட்டியா?"

ஒண்ணும் போடலம்மா, நீங்க சொன்னதுதான்னேன். நம்பல. எந்திரிச்சு வந்து மூடிய தெறந்து பாத்தாங்க. பொடி டப்பாவெல்லாம் எடுத்து பாத்தாங்க. அப்புறம் சும்மா நின்னாங்க. நாப்பது வருஷமா அந்த பருப்ப வைக்கறாங்க, இன்னொரு ரூம்லேந்து அத ஒரு தடவ கூட மோந்து பாத்ததில்ல. அத அவங்க சொல்லல, எனக்குதான் அங்க நிக்கறப்ப தோணுச்சு. அவங்க சொன்னது "பூண்டு கொஞ்சம் கருகிடுச்சு"ங்கறது மட்டும்தான்.

அப்புறம் சாப்பிட உக்காந்தோம். அம்மா ஒரு வாய் வச்சுட்டு உப்பு டப்பாவ எடுத்தாங்க. ஒரு சிட்டிக போட்டாங்க. பெசஞ்சாங்க. இன்னொரு சிட்டிக. எங்க எல்லாருக்கும் உப்பு சரியாதான் இருந்துச்சு. மறுநாள் அவங்களே சமைச்சாங்க, அதே பருப்பு, எனக்கு வாயில வச்ச உடனே தெரிஞ்சுது, கரிக்குது. பொண்ணு தண்ணிய எடுத்து குடிச்சா, மனைவி என்ன பாத்தா, நான் தட்ட பாத்தேன். கைப்பிடி பருப்பு அதே 60 கிராம்தான். உப்புதான் கைய மீறிப் போயிருக்கு, அது அவங்களுக்கு தெரியல. "இப்பெல்லாம் எந்த சாமானும் ருசியே இல்ல, உப்புல கூட சத்து போச்சு"ன்னு சொல்லிக்கிட்டே சாப்ட்டாங்க. அம்மாவுக்கு 67 வயசு. பிபி மாத்திர சாப்பிடறாங்க.

சிறுமழை | வெள்ளி இரவு 11:40

வயசானா மூக்கு மெதுவா மங்கும். என்ன மாதிரி ஒரே நாள்ல போனா தெரியும், கொஞ்சம் கொஞ்சமா போனா தெரியாது, சாமான்ல ருசி இல்லன்னுதான் தோணும். உங்கம்மா சொன்னது அவங்களுக்கு நெஜம்.

உப்புக்கல் | சனி காலை 6:15

சில மாத்திரைங்களும் ருசிய மாத்தும், அதனால டாக்டர்கிட்ட அடுத்த தடவ போறப்ப இத சொல்லுங்க, திடீர்னு அதிகமா தெரிஞ்சா கண்டிப்பா சொல்லணும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, அது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. பிபி இருக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். நேரா "அம்மா உப்பு ஜாஸ்தி"ன்னு சொல்லாதீங்க. எலுமிச்ச ரெண்டு சொட்டு புழிஞ்சு பாருங்க, புளிப்பு இருந்தா உப்பு கம்மியானது அவ்ளோவா தெரியாது. சீரகத்த நல்லா வறுத்து பொடிச்சு கடைசியில தூவுங்க. பூண்ட கூட்டுங்க, கருக விடாதீங்க.

பழையபாத்திரம் | சனி காலை 9:30

அந்த பூண்டு மேட்டர்ல அம்மா சொன்னது சரியாதான் இருக்கும் தம்பி, நெய் ரொம்ப காஞ்சதுக்கு அப்புறம் போட்டிருப்ப. நெய் சூடாகறப்பவே போட்டு சிம்ல வை.

உப்ப பத்தி படிச்சுட்டு என் மருமககிட்ட போன் பண்ணி கேட்டேன், என் சமையல்ல உப்பு எப்படி இருக்குன்னு. கொஞ்ச நேரம் பேசல. "கொஞ்சம் தூக்கலா இருக்கும் அத்த, நாங்க சோறு கூட போட்டுக்குவோம்"னா. எவ்ளோ நாளான்னேன். ரெண்டு வருஷமாவாம்.

ஓட்டைக்கரண்டி | சனி காலை 9:48

அக்கா...

பழையபாத்திரம் | சனி காலை 10:02

அட, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல ஓட்டை. சொல்லியிருக்கலாம்னுதான். என் மாமியாரும் அந்த பருப்ப ஒதுக்கி வச்சப்ப ஒண்ணும் சொல்லல, இவளும் சொல்லல, நானும் எத்தன பேருக்கு சொல்லாம இருந்திருக்கேனோ.

மொட்டைமாடி | சனி இரவு 9:20

அம்மாகிட்ட நானும் சொல்லல. ஆனா இன்னிலேந்து ஒரு ஏற்பாடு. பருப்ப அவங்க வைக்கறாங்க, உப்பு மட்டும் பொண்ணு போடுவா, "பாட்டி நான் போடறேன் நான் போடறேன்"னு சொல்லிக் குடுத்து வச்சிருக்கோம், அம்மா சிரிச்சுக்கிட்டே கிண்ணிய நீட்டிட்டாங்க. பொண்ணு எவ்ளோ பாட்டின்னு கேட்டா. அம்மா சொன்னது உங்களுக்கு தெரியும். வறுத்த சீரகம் நல்லா எடுபட்டுச்சு வாத்தியாரே, அம்மா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாங்க, உப்பு டப்பா பக்கம் கை ஒரு தடவதான் போச்சு.

தாளிச்சு முடிச்சதும் அம்மாவ வெளிய அனுப்பிடறோம், பேத்தியோட தெருமுனை வரைக்கும் ஒரு நடை. எதுக்குன்னு அவங்களுக்கு இன்னும் புரியல.

சிறுமழை | சனி இரவு 9:45

❤️

அரைவேக்காடு | சனி இரவு 10:10

எங்கம்மாவ இங்க வர சொல்லி டிக்கெட் போட்டுட்டேன். தயிர் நான் உறை ஊத்தறேன்.

பழையபாத்திரம் | ஞாயிறு மாலை 6:05

என் பையன் இன்னிக்கு வந்திருந்தான். நீ சமை, நான் பால்கனியில உக்காந்திருக்கேன்னேன். பேந்த பேந்த முழிக்கறான், அவனுக்கு டீ மட்டும்தான் போட வரும். டீயே போடுடான்னுட்டேன். மழ லேசா தூறிட்டு இருந்துச்சு. இஞ்சி தட்டற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் வாசன வந்துச்சு, கொஞ்சம் லேட்டா. சர்க்கர போட மறந்துட்டான். குடிச்சுட்டேன்.